ஊட்டிக் குளிரில் ஒரு தொட்டி சாலமாண்டர்

"என்னடா இது, தொட்டிக்குள்ள ஜவ்வரிசியக் கொட்டி வச்சிருக்க?"

மார்கழிக் காலையில் அம்மாவின் குரல் கேட்டுத்தான் எழுந்தேன். போய்ப் பார்த்தால் ஃபில்டர் குழாய், வேலம்பாசித் தண்டு, கண்ணாடி மூலை என்று கண்ட இடமெல்லாம் வெந்த ஜவ்வரிசி போல வழவழப்பான மணிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கடுகு. இரண்டுமே ஆண் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக் கொடுத்த ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டர் ஜோடி, இரவோடு இரவாக நானூறுக்கு மேல் முட்டை வைத்திருந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அடிபட்டுக் கற்றுக்கொண்டதை, இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், சாலமாண்டர் பல்லி இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "தண்ணிப் பல்லியா?" என்றுதான் கேட்கிறார்கள். உருவம் அப்படித்தான் இருக்கும். ஆனால் பல்லிக்குச் செதில் உண்டு, இதற்குக் கிடையாது. ஈரமான வெறும் தோல், அதன் வழியாகவே மூச்சும் கொஞ்சம் விடும், தண்ணீரில் கலந்திருக்கும் நல்லதையும் கெட்டதையும் உறிஞ்சிக்கொள்ளும். சொந்தபந்தம் பார்த்தால் இது தவளைக்குத்தான் நெருக்கம். நீர்நில வாழ்வனவில் மூன்று கூட்டம்: வளர்ந்தபின் வால் இல்லாத தவளை, தேரை, வாலோடு இருக்கும் சாலமாண்டர், காலே இல்லாமல் பெரிய மண்புழு போல இருக்கும் சிசிலியன். இதில் தவளையும் சிசிலியனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஈரமண்ணைக் கொத்தும்போது சிசிலியன் கிடைக்கும். பாம்பு என்று நினைத்து அடித்துவிடுவார்கள், பாவம். சாலமாண்டர் மட்டும் தென்னிந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கூட்டம் வட கண்டங்களின் குளிர்நாட்டுக் கூட்டம். இந்தியாவில் டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கிலும் மட்டும் உண்டு. அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. வீட்டில் வைக்கும் பேச்சே இல்லை.

நியூட் என்று ஒரு பெயரும் அடிபடும். ஊத்தப்பம் தோசை வகைதான், ஆனால் எல்லாத் தோசையும் ஊத்தப்பம் இல்லையே, அது மாதிரி. நியூட் எல்லாம் சாலமாண்டர்தான். கொஞ்சம் சொரசொரத்த தோலோடு, முட்டையிடும் பருவத்தில் தண்ணீருக்குத் திரும்புகிற வகைகளைப் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள்.

நம்மூரில் ஆசைப்படுகிறவர்களுக்குக் கைக்கு எட்டுவது ஆக்சலாட்டல். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ணமீன் விற்கும் இடங்களில் பார்த்திருப்பீர்கள்: வெளிர்சிவப்பு உடம்பு, தலையின் இருபுறமும் இறகு மாதிரி செவுள், எப்போதும் சிரிப்பது போன்ற வாய். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ நீர்நிலைதான் இதன் பூர்வீகம். அங்கே 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டது. ஆனால் உலகம் முழுக்கத் தொட்டிகளில் லட்சக்கணக்கில் வளர்கிறது. ஊரில் அழிந்துகொண்டு வெளியூரில் பெருகும் பிராணி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு, அது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். மற்ற சாலமாண்டர்களில் பல தண்ணீரில் செவுளோடு பிறந்து, வளர்ந்ததும் செவுள் சுருங்கிக் கரையேறிவிடும். ஆக்சலாட்டல் கரையேறுவதே இல்லை. தைராய்டு சுரப்பு போதாததால் குழந்தை உடம்பிலேயே ஓரடி நீளத்துக்கு வளர்ந்து, அதே உடம்போடு பிள்ளையும் பெற்றுவிடும். 1864-ல் மெக்சிகோவிலிருந்து பாரிஸுக்குப் போனவற்றில் சில, ஆகஸ்த் த்யூமெரில் என்ற விலங்கியலாளர் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு அவை முட்டையிட்டன. பிறந்த குஞ்சுகளில் சில, வளர்ந்ததும் திடீரென்று செவுளை இழந்து, பார்க்க வேறு பிராணியாகவே மாறி நின்றன. மனிதர் திகைத்துப் போயிருப்பார். அயோடின் கொடுத்து இப்படி மாற்றிப் பார்க்கிற விளையாட்டு இன்றும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம், பிழைத்தாலும் சீக்கிரம் செத்துப்போகும்.

வாங்குவதற்கு முன் ஒரு சட்டச் சங்கதி. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டல் இருக்கிறது. 2024-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போதே ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் முகம் மாறுகிற கடையில் வாங்காதீர்கள்.

சரி, குளிருக்கு வருவோம்.

இதற்குப் பிடித்த வெப்பம் 16 முதல் 18 டிகிரி. 20 தாங்கும். 24-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும், செவுள் முன்பக்கம் சுருண்டுகொள்ளும், வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். கோயம்புத்தூரில் ஒரு நண்பர் வைத்திருக்கிறார். ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, காலை ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று தொட்டியில் மிதக்கவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் கல்யாணத்துக்குக்கூடக் குடும்பத்தோடு போக முடியாது. ஒருவர் பாட்டில் மாற்ற வீட்டில் இருக்க வேண்டும். ஏழு ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் நமக்கு அந்தத் தலைவலி இல்லை. மே மாதத்தில்கூட என் தொட்டித் தண்ணீர் 20-ஐத் தாண்டியதில்லை, அதுவும் ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்ததால். கொடைக்கானலிலும் இதே கதைதான். குன்னூர், கோத்தகிரி கொஞ்சம் இறக்கம் என்பதால் ஏப்ரலில் மட்டும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

தலைக்குந்தாப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளை போர்த்துக்கொள்ளும் ஜனவரியில் வேறு விதமான பயம் வரும். தண்ணீர் 9 டிகிரிக்கு இறங்கிவிடும், பிராணி அசையாமல் கிடக்கும், நான்கு நாளுக்கு ஒரு புழு தின்றால் பெரிது. முதல் வருஷம் நான் பயந்துபோய்க் கணப்புக்குப் பக்கத்தில் தொட்டியை நகர்த்தினேன். அதுதான் தப்பு. குளிர் அதற்குப் பழக்கம். ஒரே ராத்திரியில் ஏழெட்டு டிகிரி ஏறி இறங்குவதுதான் ஆகாது.

குளிர் இங்கே இலவசம், தண்ணீர் அப்படி இல்லை. மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்புச் சத்து குறைவு. டீ போட அருமை, ஆக்சலாட்டலுக்கு ஆகாது. அதற்குக் கொஞ்சம் கடினநீர்தான் வேண்டும். ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டு வைத்தால் மெல்லக் கரைந்து சரிசெய்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைக்கலாம், அல்லது மீன் கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பானைச் சொட்டலாம். ஓடைத் தண்ணீரை மட்டும் தொடவே தொடாதீர்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். மேலே கேரட் தோட்டமும் உருளைக்கிழங்குத் தோட்டமும் இருந்தால் அடித்த மருந்தெல்லாம் அதில்தான் இறங்கி வரும். தோலாலேயே குடிக்கிற பிராணி என்பது ஞாபகம் இருக்கட்டும்.

தொட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றுக்கோ இரண்டுக்கோ போதும். அடியில் ஜல்லி வேண்டாம். இரையோடு சேர்த்து விழுங்கி, வயிறு அடைத்துச் சாகும். ஃபில்டர் வைத்த மறுநாளே பிராணியை விடக் கூடாது. அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற வேண்டும். கீழ்நாட்டில் நான்கைந்து வாரத்தில் நடப்பது, இந்தக் குளிரில் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. தயிருக்கு உறை ஊற்றிவிட்டு ஊட்டியில் காத்திருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பெரியவற்றுக்குத் தீனி மண்புழு. அதிலும் ஒரு நுணுக்கம்: கம்போஸ்ட் குழியில் நெளியும் சின்னச் சிவப்புப் புழுவைத் தொட்டால் கசப்பான மஞ்சள் திரவம் விடும், வாயில் வாங்கிய வேகத்தில் துப்பிவிடும். மண்புழு உரம் போடுகிறவர்கள் யூட்ரிலஸ் என்று ஒரு ஆப்பிரிக்கப் புழு வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். காய்கறித் தோட்டத்து மண்ணில் தோண்டி எடுத்த புழு வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

முட்டையிலிருந்து

ஆண், பெண் அடையாளம் ஒரு வயதுக்குமேல்தான் தெரியும். வால் தொடங்கும் இடத்தில், பின்னங்காலுக்கு ஒட்டி, ஆணுக்குப் பொம்மென்று வீங்கியிருக்கும். பெண்ணுக்கு அந்த வீக்கம் இல்லை, வயிறு உருண்டிருக்கும். எனக்கு விற்றவர் ஏழு மாதக் குட்டிகளைக் காட்டி "ஆண்" என்றது ஜோசியம்தான்.

சேரும் விதம் விநோதமானது. ஆண் வாலை ஆட்டிக்கொண்டு முன்னே போகும், போகிற வழியில் தரையில் சின்னச் சின்னக் கூம்புகளாக ஜெல்லியை ஒட்டிவிட்டுப் போகும். கூம்பின் உச்சியில் வெள்ளையாக விந்து. பெண் பின்னாலேயே நடந்து வந்து, கூம்பின்மேல் உட்கார்ந்து அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ முட்டை. ஒரு ஈட்டுக்கு நூறிலிருந்து ஆயிரம் வரைக்கும் போகும். மறுபடி மறுபடி ஈன்றால் பெண் இளைத்துவிடும். அதனால் ஒன்றரை வயது ஆகாத பெண்ணை ஆணோடு விடாதீர்கள், முட்டையிட்டதும் இரண்டையும் சில மாதம் பிரித்து வையுங்கள்.

முட்டையைப் பார்த்த அன்றே அதைப் பெற்றோரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். விட்டால் அவையே தின்றுவிடும். அப்புறம் யாருக்கும் பிடிக்காத ஒரு முடிவு: எத்தனையை வைத்துக்கொள்வது? நானூறு குஞ்சுக்குத் தீனி போட யாராலும் முடியாது, கொடுக்க ஆளும் கிடையாது. மிச்சத்தை முதல் ஒன்றிரண்டு நாளுக்குள், உள்ளே உருவம் தோன்றுவதற்கு முன், ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். அம்மாவுக்கு இது மனசே வரவில்லை. நான் அறுபதை மட்டும் எடுத்து வைத்தேன். அதுவே அதிகம் என்று பின்னால் தெரிந்தது.

அந்த அறுபதை வெள்ளைத் தயிர் டப்பாக்களில் பிரித்து வைத்து, தபால்தலை பார்க்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் கடுகு இரண்டாக, நான்காகப் பிளந்து, சாயங்காலத்துக்குள் சீத்தாப்பழத்தின் மேல்தோல் போலத் திட்டுத் திட்டாக ஆகிவிட்டது. நான்காம் நாள் உருண்டை நீண்டு மொச்சைக்கொட்டை மாதிரி வளைந்தது. ஒரு முனையில் தலை, மறு முனையில் வால் என்று சொல்லிவிடலாம். ஒரு வாரம் கழித்துக் கழுத்துப் பக்கம் செவுள் மொட்டுகள். பத்தாம் நாளுக்குமேல் டப்பாவை லேசாகத் தட்டினால் ஜெல்லிக்குள்ளேயே சடாரென்று புரளும். லென்ஸை நெருக்கினால் செவுள் இழைக்குள் ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக ஓடுவது தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த கருவியல் பாடம் எதுவும் எனக்கு இப்படி மனதில் நின்றதில்லை. வெளுத்து, பஞ்சு பூத்தது போல் ஆகும் முட்டையைக் கண்ட உடனே எடுத்துப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பரவும்.

18 டிகிரியில் இரண்டரை, மூன்று வாரத்தில் பொரிக்கும். என் அறை 14, 15-ல் இருந்ததால் நான்கு வாரத்தை நெருங்கிவிட்டது. குளிர் எல்லாவற்றையும் தள்ளிப்போடும். ஆல்ப்ஸ் மலையில் குட்டி போடும் கருப்புச் சாலமாண்டர் ஒன்று உண்டு, இரண்டு மூன்று வருஷம் வயிற்றில் சுமக்கிறது. யானையே பரவாயில்லை.

பொரித்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றில் இருக்கும் மஞ்சள்கருவையே கரைத்துக்கொண்டு கிடக்கும். பிறகு பசி. இங்கேதான் புதியவர்கள் தோற்கிறார்கள். தவளைக் குஞ்சு பாசியைச் சுரண்டித் தின்று பிழைத்துக்கொள்ளும். இது பிறவி வேட்டைக்காரன். கண்ணெதிரே அசைவதை மட்டும்தான் கவ்வும். மீன் தீனியைத் தூவினால் அது அழுகித் தண்ணீர் கெடும், குஞ்சு பட்டினியால் சாகும். கடையில் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டை விற்கிறார்கள். உப்புநீரில் பொரித்து, அந்த ஆரஞ்சுத் தூசி மாதிரிப் பூச்சிகளைத்தான் கொடுக்க வேண்டும்.

பாக்கெட்டில் "24 மணி நேரத்தில் பொரிக்கும்" என்று போட்டிருக்கும். அது சென்னைக் கணக்கு. அதற்கு 26, 28 டிகிரி வேண்டும். ஊட்டியில் மூன்று நாள் காத்திருந்தும் எனக்கு ஒன்றும் பொரிக்கவில்லை. முட்டை கெட்டது என்று கடைக்காரரைத் திட்டவும் செய்தேன். பிறகு ஒரு அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, பக்கத்தில் சோடா பாட்டிலை வைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல் உப்பு, அடிவரைக்கும் காற்றுக் குழாய். மறுநாள் சாயங்காலம் பாட்டில் முழுக்க ஆரஞ்சு மேகம். தொட்டியில் குளிர் வேண்டும், தீனிக்குச் சூடு வேண்டும். இந்த ஊரில் இரண்டையும் ஒரே அறையில் வைத்து மேய்ப்பதுதான் பாதி வேலை. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடெல்லாம் மேலே மிதக்கும். நடுவில் இருப்பதை இழுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. தின்றது போக மிஞ்சியது சில மணி நேரத்தில் செத்துவிடும், அதை மருந்து டிராப்பரால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்ற வேண்டும். அறுபது குஞ்சு அதிகம் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

தவளைக் குஞ்சுக்கு முதலில் பின்னங்கால் முளைக்கும். சாலமாண்டருக்கு முன்னங்கால்தான் முதலில். அது முளைக்கும் சமயத்தில்தான் அடுத்த வம்பு ஆரம்பிக்கும்: ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். அசைவதெல்லாம் தீனி என்று நினைக்கிற வயது. ஒரு டப்பாவில் ஐந்துக்குமேல் விடாமல், அளவு வாரியாகப் பிரித்து, வயிறு காயாமல் பார்த்துக்கொண்டால் குறையும். போன கால் மறுபடி முளைக்கும், விரலோடு, எலும்போடு, தழும்புகூட இல்லாமல். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதை வைத்திருப்பதே அதற்காகத்தான். 2018-ல் இதன் மரபுத்தொகுதியைப் படித்து முடித்தார்கள், மனிதனுடையதைப்போல் பத்து மடங்கு நீளம். என் டப்பா ஒன்றில் ஒரு காலும் இல்லாமல் கிடந்த குஞ்சு, ஒன்றரை மாதத்தில் நான்கு காலோடு நடந்தது. அறுபதில் நாற்பத்தொன்று தேறியது.

நெருப்பு வயிறு நியூட் போன்றவற்றின் முட்டைக் கதை கொஞ்சம் வேறு. கொத்தாக இல்லாமல் ஒவ்வொரு முட்டையாக நீர்ச்செடி இலையில் வைத்து, பின்னங்காலால் இலையை மடித்து மூடும், வெற்றிலை மடிப்பது போல. குஞ்சு சில மாதத்தில் செவுள் இழந்து கரையேறும். அப்போது ஏற இடம் இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். கண்ணாடியில் ஏறித் தப்புவதிலும் கில்லாடி. தோலில் பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம் உண்டு, தொட்டால் கை கழுவ வேண்டும். முறையான காகிதத்தோடு இங்கே வருவது அரிது என்பதால் இதை வாங்கச் சொல்லி யாருக்கும் நான் சொல்வதில்லை.

ஓடைக்குப் போகாமல்

கீழ்நாட்டில் ஒரு ஆக்சலாட்டல் சாக்கடையில் தப்பிப் போனால் வெயிலே அதை முடித்துவிடும். இங்கே அப்படி இல்லை. நம் வீட்டில் அதற்குச் செலவில்லாமல் கிடைக்கும் அதே குளிர் வெளியே ஓடையிலும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து இந்தக் குளிர் பிடித்துப்போனவை என்ன செய்யும் என்று நீலகிரிக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) வெள்ளைக்காரன் நட்டதுதான். சீகை புல்வெளியை விழுங்கி, இப்போது பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. அவலாஞ்சியில் நூறு வருஷத்துக்கு முன்பே டிரவுட் மீன் குஞ்சு பொரித்து ஓடைகளில் விட்டார்கள்.

பிராணியை நேரே கொண்டுபோய் விடுகிறவர்கள் குறைவு. தொட்டித் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றாதவர்கள்தான் இன்னும் குறைவு. நீர்நில வாழ்வனவின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சையை 1999-ல் பெயரிட்டார்கள். 2019-ல் வந்த ஒரு கணக்குப்படி, அது உலகில் 501 இனங்களைக் குறைத்திருக்கிறது, அதில் 90 அற்றுப்போய்விட்டதாகக் கருதுகிறார்கள். நெதர்லாந்தில் நெருப்புச் சாலமாண்டர்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்த அதன் தம்பிப் பூஞ்சை 2013-ல் அடையாளம் காணப்பட்டது. ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வியாபாரத்தோடு போனது என்கிறார்கள். ஆக்சலாட்டல் நோய் தெரியாமலேயே கைட்ரிட்டைச் சுமக்கக் கூடியது. மழை ராத்திரியில் டிக் டிக் என்று கத்துகிற விரல்நகம் அளவுப் புதர்த்தவளைகளில் சில இனம், நீலகிரி உச்சியையோ பழனி மலை உச்சியையோ விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை.

அதனால் என் வீட்டுப் பழக்கம் இது. தொட்டியிலிருந்து எடுக்கிற தண்ணீர் தனி வாளிக்குப் போகும், ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டு ராத்திரி முழுக்க நிற்கும், காலையில் செப்டிக் டேங்குக்குப் போகிற கழிவறையில் ஊற்றுவேன். அந்த வாளியை வேறு எதற்கும் தொடக் கூடாது. மூடியில் அம்மா சிவப்பு நெயில் பாலிஷில் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார். காட்டு ஓடையில் கால் நனைத்துவிட்டு வந்த கையோடு தொட்டியைத் தொடுவதும் இல்லை. நோய் இரண்டு பக்கமும் போகும்.

நாற்பத்தொன்றைக் கொடுத்து முடிக்க எட்டு மாதம் ஆனது. கேட்டவர்கள் நிறையப் பேர். "வீட்டில் மே மாதம் தண்ணீர் எத்தனை டிகிரி?" என்று கேட்டதும் பாதிப்பேர் நழுவினார்கள். கீழே கொண்டுபோகிறவர்களுக்குத் தெர்மோகோல் பெட்டியில், முந்தின நாளே பட்டினி போட்டு, பைக்கு ஒன்றாக, நடுவில் துணி சுற்றிய ஐஸ் பாட்டில் வைத்துக் கட்டிக் கொடுப்பேன். முதல் பஸ்ஸில் போகச் சொல்வேன். பர்லியாறு தாண்டியதுமே காற்று மாறிவிடும். மேட்டுப்பாளையத்தில் இறங்கி டீ குடிக்கிறவர்கள் பெட்டியை நிழலில் வைத்துவிட்டுக் குடிக்க வேண்டும். ஒருவர் மறந்து வெயிலில் வைத்துவிட்டு, அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணினார்.